நாற்பது டென்சிட்டி என்று வாங்கியது தராசில் இருபத்தெட்டு

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சோபாவின் நடு இருக்கையை அளவுகோல் வைத்து அளந்தேன். 2024 மார்ச் மாதம் புதிதாக அடைத்துத் தைத்தபோது தரையிலிருந்து 17½ அங்குலம் இருந்த உயரம், பதினெட்டு மாதம் கழித்து 17¼ அங்குலமாக இருக்கிறது. கால் அங்குலம்தான் இறங்கியிருக்கிறது என்பதைக் கண்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். ஏனெனில் இதற்கு முன் நான் செய்த முயற்சி நான்கே மாதத்தில் முக்கால் அங்குலம் இறங்கிவிட்டது.

சோபா 2009-இல் தூத்துக்குடியில் ஒரு தச்சர் செய்து கொடுத்த தேக்குச் சட்டம். மூன்று பேர் அமரலாம். இருக்கை மெத்தை மூன்று, முதுகுக்குச் சாய்வுத் திண்டு மூன்று; எல்லாம் தனித்தனியாக எடுக்கக்கூடியவை. 2023 ஜூன் மாதம் அப்பா, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று இரண்டாவது முறையாகச் சொன்ன பிறகு உறையின் ஜிப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த ஃபோம் பழுப்பு மஞ்சளாகி, விரலால் அழுத்திய இடத்தில் கடலை மாவு போல உதிர்ந்தது. வெளிச்சமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் பழைய ஃபோம் இப்படித்தான் ஆகும்; கடற்கரை ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

மெத்தைதான் காரணம் என்று நான் முடிவு கட்டியது பாதிதான் சரி. மெத்தையைச் சோபாவிலிருந்து எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தபோது, சோபாவில் அமிழ்ந்த அளவுக்கு அங்கே அமிழவில்லை. மீதிப் பள்ளம் அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்த எலாஸ்டிக் பட்டையில் இருந்தது. பதினான்கு ஆண்டில் அது தொட்டில் சேலை போலத் தொங்கிவிட்டிருந்தது. இருபது மீட்டர் புதுப் பட்டை 560 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு, ஒவ்வொரு பட்டையையும் கைக்கு வலிக்கும் அளவுக்கு இழுத்து ஆணி அடித்தேன். மெத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் இந்தத் தரைச் சோதனையைச் செய்துவிட வேண்டும். அடிப்பட்டை தளர்ந்திருந்தால் மேலே எவ்வளவு நல்ல சரக்கைப் போட்டாலும் பயன் இல்லை.

அடுத்தது ஃபோம். கடையில் "சோபாவுக்கு நாற்பது டென்சிட்டி போடுங்க, பத்து வருஷம் ஓடும்" என்றார்கள். 24 அங்குலச் சதுரம், ஐந்து அங்குலக் கனம், ஒன்று 850 ரூபாய் வீதம் மூன்று துண்டு வாங்கி வந்தேன். சாய்வுத் திண்டுக்கு இலவம்பஞ்சு என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு, சுத்தம் செய்தது, கிலோ 320 ரூபாய். மூன்று கிலோ வாங்கி, திண்டுக்கு ஒரு கிலோ வீதம் காடாத்துணி உறையில் திணித்துத் தைத்தோம். அன்று மாலை வீடு முழுவதும் பஞ்சு பறந்தது; இரண்டு நாள் தும்மல்.

முதல் வாரம் சொர்க்கம். இலவம்பஞ்சுக்கு ஈடான குளிர்ச்சி வேறு எந்தப் பஞ்சுக்கும் இல்லை என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் தலையணையில் பஞ்சு படுத்திருக்கிறது, சாய்வுத் திண்டில் அது நிற்க வேண்டியிருக்கிறது. அதன் இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. ஆகவே முதுகு சாயச் சாயப் பஞ்சு கீழே இறங்கி, மேல்பாதி வெறும் பையாகவும் கீழ்ப்பாதி மூட்டையாகவும் ஆகிவிடும். அம்மா வாரம் ஒருமுறை மாடியில் வெயிலில் போட்டு, தட்டி, உதறி, மறுபடி கொண்டுவந்து வைப்பார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு அது தேவையற்ற வேலை என்று மூன்றாவது மாதம்தான் எனக்கு உறைத்தது.

இருக்கையின் கதை வேறு. அக்டோபர் மாதம் நடு இருக்கை 16¾ அங்குலத்துக்கு வந்துவிட்டது. அப்பா உட்கார்ந்தால் அடிப்பட்டை பின்புறத்தில் இடிக்கிறது என்றார். பட்டை புதிது, அப்படியானால் ஃபோம்தான். கடைக்காரரிடம் கேட்டபோது, ஃபோம் ஆரம்பத்தில் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும் என்றார். அதிலும் உண்மை உண்டு. அன்று இரவு, மீன் வாங்கும்போது எடை சரிபார்ப்பதற்காக வைத்திருக்கும் கொக்கித் தராசு சமையலறை ஆணியில் தொங்குவதைப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோகிராம் கணக்கில். அப்படியானால் அதைக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை; நிறுத்தே பார்த்துவிடலாம்.

ஒரு கன மீட்டருக்கு 61,024 கன அங்குலம். ஃபோமின் எடையைக் கிலோவில் எடுத்து, 61,024-ஆல் பெருக்கி, நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி வரும் கன அங்குலத்தால் வகுத்தால் டென்சிட்டி வந்துவிடும். என் துண்டு 24 × 24 × 5, அதாவது 2,880 கன அங்குலம். நாற்பது டென்சிட்டியாக இருந்தால் ஏறக்குறைய 1.890 கிலோ இருக்க வேண்டும். நைலான் கயிற்றில் கட்டித் தூக்கியபோது தராசு காட்டியது 1.320 கிலோ. கணக்குப் போட்டால் 28. மூன்று துண்டையும் நிறுத்தேன். மூன்றும் பத்து கிராம் வித்தியாசத்துக்குள் ஒன்றுபோலவே இருந்தன.

ரசீதில் வெறும் "ஃபோம் 3" என்றுதான் எழுதியிருந்தது, போய்ச் சண்டை போடவும் வழியில்லை. இருபத்தெட்டு டென்சிட்டி மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். சாய்வுப் பகுதிக்கு அது போதும். தினமும் எட்டு மணி நேரம் ஒருவர் அமரும் இருக்கைக்கு அது தாங்காது. நான் குழம்பிய இன்னொரு இடமும் இங்கேதான். கடையில் கையால் அழுத்திப் பார்த்தபோது அந்தத் துண்டு நல்ல விறைப்பாகத்தான் இருந்தது. விறைப்பு வேறு, டென்சிட்டி வேறு. டென்சிட்டி குறைந்த ஃபோமையும் விறைப்பாகத் தயாரிக்க முடியும். உள்ளே சரக்கு குறைவு என்பதால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே 2023 டிசம்பர் 17 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. எங்கள் தெருவில் நள்ளிரவில் தண்ணீர் ஏறியது. அரிசி மூட்டை, சான்றிதழ்கள், அப்பாவின் மருந்து ஆகியவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டோம். சோபாவை யாரும் நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இறங்கிவந்தபோது சுவரில் 14 அங்குல உயரத்தில் சேற்றுக் கோடு. சோபாவின் மரச்சட்டம் 12½ அங்குலம். ஒன்றரை அங்குலம்தான் முழுகியிருக்க வேண்டும், ஆனால் ஃபோம் தண்ணீரை மேலே உறிஞ்சி உச்சி வரை கனத்துக் கிடந்தது. ஒரு மெத்தையை இருவர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. சாய்வுத் திண்டுகள் இருந்த இடத்தில் இல்லை. ஒன்று சமையலறை வாசலிலும், மற்றொன்று பூஜை அலமாரியின் கீழும், மூன்றாவது வெளிக்கதவின் மூலையிலும் ஒதுங்கியிருந்தன. இலவம்பஞ்சு மிதந்து போயிருக்கிறது. இழைக்குள் காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. அந்தக் காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். திண்டைக் கிழித்துப் பார்த்தபோது நடுப்பகுதிப் பஞ்சு ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது என்பது எனக்கு வியப்பு. இருந்தாலும் ஓரப் பஞ்சு கட்டியாகி, உறை முழுவதும் கரும்பூஞ்சை பிடித்திருந்தது. சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் பஞ்சையும் ஃபோமையும் யோசிக்காமல் எறிந்தோம். 2,550 ரூபாய் ஃபோம், 960 ரூபாய் பஞ்சு. ஆக 3,510 ரூபாய் போயிற்று. இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது.

தேக்குச் சட்டத்தை இரண்டு மாதம் நிழலில் உலர விட்டேன். எலாஸ்டிக் பட்டைகளைக் கழுவிக் காய வைத்ததில் தப்பித்துக்கொண்டன. அந்த இரண்டு மாதம் அடுத்து என்ன அடைப்பது என்று யோசிக்க நேரம் கிடைத்தது.

தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் நார்ப்பலகையை முதலில் பார்த்தேன். காற்றோட்டம் நன்றாக இருக்கும், விலையும் மலிவு. இரண்டு அங்குலப் பலகை ஒன்றை வாங்கி, மேலே பழைய போர்வையை மடித்துப் போட்டு, ஒரு வாரம் அப்பாவை உட்கார வைத்தோம். உறுதி இருந்தது. ஆனால் படுக்கை போல உடல் எடை பரவாமல், சோபாவில் எடை முழுவதும் இரண்டு இடத்தில் இறங்குவதால், முன்விளிம்பில் நார் உடைந்து தரையில் பழுப்புத் தூள் கொட்ட ஆரம்பித்தது. கட்டிலுக்கு நல்லது, இதற்கு வேண்டாம் என்று விட்டேன். லேட்டக்ஸ் என்னும் ரப்பர்பால் மெத்தையைக் கடையில் உட்கார்ந்து பார்த்தபோது எழுந்திருக்க மனம் வரவில்லை. அதைவிடச் சுகமான பொருள் நான் கண்டதில்லை. ஃபோமைப் போல இரு மடங்குக்கும் மேல் விலை கேட்டார்கள். அதோடு, எங்கள் அளவுக்கு ஒரு மெத்தையே மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கிக் கூட்டுபவர் அம்மா. எனவே அதுவும் இல்லை.

கடைசியில் அடுக்காகப் போட முடிவு செய்தேன். அடியில் ஒன்றரை அங்குலம் ரீபாண்டட், நடுவில் மூன்று அங்குலம் நாற்பது டென்சிட்டி, மேலே அரை அங்குலம் மென்மையான ஃபோம். ரீபாண்டட் என்பது துண்டு ஃபோம்களை அரைத்து ஒட்டி அழுத்தியது. பல நிறப் பொட்டுகளோடு கடலை மிட்டாய் போல இருக்கும். தனியாக உட்கார்ந்தால் பலகை. அடியில் போட்டால் பட்டையின் இடைவெளிகள் மேலே தெரியாது, மேல் ஃபோம் எவ்வளவு அமுங்கினாலும் உடம்பு தரை தட்டாது.

இம்முறை வேறு கடைக்கு, கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தராசை எடுத்ததும் கடைக்காரர், "என்ன சார், சாளை வாங்கவா வந்தீங்க?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, போன தடவை எடை குறைஞ்சு ஏமாந்துட்டேன். நிறுத்துப் பார்த்துட்டு எடுத்துக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. உள்ளே இருந்து வேறு கட்டு ஒன்றை இழுத்துவரச் சொன்னார். முதலில் காட்டியதை ஏன் ஒதுக்கினார் என்று நான் கேட்கவில்லை. 24 × 24 × 3 துண்டு 1.140 கிலோ நின்றது. கணக்கில் நாற்பதுக்குச் சற்று மேல். பிறகு அவரே ஒன்று சொல்லிக் கொடுத்தார். சில ஃபோமில் எடை கூட்டச் சுண்ணாம்புத் தூள் கலப்பதுண்டாம், ஆகவே எடையை மட்டும் நம்பக் கூடாதாம். மூலையைக் கிள்ளிக் கறுப்புத் துணியில் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டக் கூடாது. கட்டைவிரலால் அடி வரை அழுத்திவிட்டால் உடனே எழும்பி வர வேண்டும். இரண்டையும் செய்து பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். ரசீதில் "40 டென்சிட்டி" என்று எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

வெட்டும் வேலையில் இரண்டு தவறு செய்தேன். ரொட்டி வெட்டும் பல்கத்தியால் அறுத்தபோது, ஃபோமை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அறுத்தேன். கையை எடுத்ததும் நேராக வெட்டிய ஓரம் உள்ளே குழிந்து வளைந்து நின்றது. ஃபோமை அழுத்தாமல், மேசை விளிம்பில் பலகை ஒன்றை ஓட்டி வைத்து, நீளமான மெல்லிய கத்தியை இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். கத்தியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்காமல் போகிறது. இரண்டாவது தவறு பெரியது. ஓரத்து இருக்கைகள் இரண்டிலும் கைப்பிடிக் காலுக்கு இடம் விட 2 × 3 அங்குல வெட்டு உண்டு. ஒரே துண்டான பழைய மெத்தையை எப்படிப் புரட்டினாலும் பொருந்தியது. அடுக்கி ஒட்டிய மெத்தைக்கு மேல், கீழ் உண்டு. அது நினைவில்லாமல் இரண்டையும் இடது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். புரட்டினால் ரீபாண்டட் மேலே வருகிறது. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டிய துண்டை அதே இடத்தில் ஒட்டி, அதை நடு இருக்கையாக மாற்றி, நடுவுக்கு வைத்திருந்ததை வலது பக்கத்துக்கு வெட்டினேன். அப்பா இன்று வரை ஒட்டைக் கண்டுபிடிக்கவில்லை.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் கழிவுத் துண்டுகளில் முயன்று பார்த்தேன். மறுநாள் வரை காயவில்லை. காய்ந்த பின் நடுவில் அப்பளம் போல ஓர் ஏடு நின்று, அழுத்தினால் மொறுமொறுத்தது. ரப்பர் பசையே சரி. இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரல் வைத்தால் நூல் இழுக்காமல் ஒட்டும் பதத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது, ஆகவே ஒரு விளிம்பை முதலில் பொருத்திவிட்டு மற்றதைச் சுருள் பாய் விரிப்பது போல இறக்கினேன். முழுப் பரப்பிலும் தடவத் தேவையில்லை, ஓரத்தைச் சுற்றி மூன்று விரல் அகலமும் நடுவில் பெருக்கல் குறியும் போதும். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. மாடியில்தான் செய்தேன், கொசுவர்த்திச் சுருளைக்கூடக் கீழேயே வைத்துவிட்டேன்.

உறை தைத்தவர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பெரியவர். ஃபோம் 24 அங்குலம் என்றதும் அவர் உறையை 23½ அங்குலத்துக்கு வெட்டினார். "உறை சின்னதா இருந்தாத்தான் தம்பி விறைப்பா நிக்கும். சரி அளவுக்குத் தச்சா ஆறு மாசத்துல சுருக்கம் விழும்" என்றார். போன முறை சரி அளவுக்குத் தைக்கச் சொன்னவன் நான்தான். ஜிப்பைப் பின்பக்கம் முழுவதும் வைத்து, இரண்டு மூலையையும் தாண்டி நான்கு அங்குலம் ஓட்டச் சொன்னேன், இல்லையென்றால் ஐந்து அங்குல மெத்தை உள்ளே போகாது. மெத்தையைச் சுற்றிப் பாலியஸ்டர் பஞ்சுத் தகட்டை ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் காடாத்துணி உறை, அதன்மேல் வெளி உறை. உள்ளே தள்ளும்போது, சலவைக்கடைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றித் தள்ளிவிட்டுப் பிறகு தாளை உருவிக்கொண்டால் பஞ்சு சுருளாமல் வழுக்கிப் போய்விடுகிறது.

சாய்வுத் திண்டில் இம்முறை கடையில் ரெக்ரான் என்று கேட்டால் தரும் பாலியஸ்டர் பஞ்சு, திண்டுக்கு 1¼ கிலோ. இலவம்பஞ்சில் படித்த பாடத்தால், உள் உறையைக் குறுக்கே இரண்டு தையல் போட்டு மூன்று அறையாகப் பிரித்தோம். கீழ் அறைக்கு 500 கிராம், நடு அறைக்கு 450, மேலே 300. முதலில் மூன்று அறைக்கும் சமமாக அடைத்தபோது தோள் பகுதி முன்னே தள்ளியது. எடுத்து மாற்றிய பிறகு இடுப்புக்கு நல்ல பிடிப்பு. அறை பிரித்திருந்தால் இலவம்பஞ்சே நின்றிருக்குமோ என்று அம்மா கேட்டார். இறங்குவது குறைந்திருக்கும், வெயிலில் போடும் வேலை குறைந்திருக்காது.

செலவு: மூன்று இருக்கைக்கும் ரீபாண்டட் 960, நாற்பது டென்சிட்டி 1,920, மென்மையான ஃபோம் 330, பசை 240, பஞ்சுத் தகடு 450, காடாத்துணி எட்டு மீட்டர் 560, ஜிப் 200, பாலியஸ்டர் பஞ்சு நான்கு கிலோ 760, தையல் கூலி 900, வெளி உறைத் துணி ஆறரை மீட்டர் 1,820. மொத்தம் 8,140 ரூபாய். இதில் வெளி உறைத் துணியில் நான் சிக்கனம் பார்க்கவில்லை. நாள்தோறும் உடம்பு படுவதும் துவைப்பதும் அதுதான்.

இந்தப் பதினெட்டு மாதப் பராமரிப்பு சிறியது. மாதம் முதல் ஞாயிறு இடது, வலது மெத்தைகளை எடுத்துத் தூசி தட்டி, நடு மெத்தையை மட்டும் முன்பின்னாகத் திருப்பிப் போடுகிறேன். ஓரத்தவை வெட்டு காரணமாகத் திரும்பாது. இலவம்பஞ்சுப் பழக்கத்தில் அம்மா ஒருமுறை ஃபோமையும் வெறும் வெயிலில் போட்டுவிட்டார். மாலையில் எடுத்தபோது ஒரு முகம் லேசாக மஞ்சளித்திருந்தது. ஃபோமுக்கு நிழலும் காற்றும் போதும். அக்கா மகன் ஒரு டம்ளர் ரசத்தைக் கவிழ்த்தபோதுதான் உள் உறையின் அருமை தெரிந்தது. வெளி உறையையும் காடாவையும் பஞ்சுத் தகட்டையும் கழற்றிய பிறகு ஃபோமில் கையகலக் கறை மட்டுமே. பழைய துண்டை வைத்து மேலே ஏறி நின்று ஈரத்தை எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு ஒற்றி, மறுபடி துண்டு வைத்து மிதித்து, மின்விசிறியடியில் நிமிர்த்தி வைத்தேன். முழுவதும் உலர ஒன்றரை நாள் ஆயிற்று. சாய்வுத் திண்டின் பஞ்சை எடுக்காமல் வாஷிங் மெஷினில் போட்ட ஒன்று மட்டும் உருண்டை உருண்டையாகத் திரண்டது; பிரித்துக் கையால் பிய்த்து அடைக்க ஒரு பகல் போயிற்று.

அடுத்த முறை இரண்டு மாற்றங்கள் செய்வேன். ஓரத்து மெத்தைகளின் முன்விளிம்பு நடுப்பகுதியைவிட வேகமாகத் தளர்கிறது, ஏனெனில் எழும்போது எல்லோரும் அங்கேதான் ஊன்றுகிறார்கள். முன்விளிம்பில் மட்டும் நான்கு அங்குல அகலத்துக்கு ஐம்பது டென்சிட்டிப் பட்டை ஒன்றை நடு அடுக்கில் செருகிப் பார்க்க வேண்டும். மேலே போட்ட அரை அங்குல மென்ஃபோம் வீண்; பஞ்சுத் தகடே அந்த மென்மையைத் தருகிறது. 330 ரூபாய் மிச்சமாகியிருக்கும், நாற்பது டென்சிட்டியை மூன்றரை அங்குலமாகப் போட்டிருக்கலாம்.

சென்ற ஞாயிறு அளந்தபோது இடது ஓரத்து மெத்தையையும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன், உறையோடு 3.110 கிலோ. காடாத்துணியின் உட்பக்கம் தேதியையும் உயரத்தையும் எடையையும் மார்க்கரால் எழுதி ஜிப்பை மூடியிருக்கிறேன். டிசம்பர் தொடங்கினால் மெத்தை, திண்டு ஆறையும் பரணில் ஏற்றிவிடுவதாக இருந்தேன். மழைக்காலம் முடியும்வரை அப்பா எங்கே உட்காருவார் என்று அம்மா கேட்டதால், மழை எச்சரிக்கை வந்த பிறகு ஏற்றுவது என்று தீர்மானமாகியிருக்கிறது.